மூன்று மொழியில் ஒரு நைட்டிக் கடை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசி மழை நாளில், ராஜபாளையத்தில் ஒரு மாடி ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். இணையத்தில் கடை அமைத்துக் கொடுப்பவரின் ஆபீஸ் அது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். நான் தைத்துக் கொண்டுபோயிருந்த நைட்டியை மேஜையில் விரித்துப் பார்த்துவிட்டு, "மேடம், இங்கிலீஷ்ல மட்டும் போட்டாப் போதும். ஆன்லைன்ல தமிழ்ல படிச்சு யாரு துணி வாங்குறா?" என்று சிரித்தார்.

"நான் வாங்குவேன்," என்றேன். "எட்டாங்கிளாசோட நின்னவ நான். என்னைய மாதிரி ஆளுகளுக்குத்தான் இந்தக் கடை. தமிழ் வேணும், மலையாளம் வேணும், தெலுங்கு வேணும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார்.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் தளவாய்புரம். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் நைட்டி தைக்கிற மெஷின் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு முன்கூடத்திலும் ஆறு மெஷின் ஓடியது. ஒரு மொத்த வியாபாரி வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்குவார். நானும் ஐந்து பெண்களும் தைத்துக் கொடுப்போம். பதினோரு வருஷமாக அதுதான் பிழைப்பு. என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறார்.

அவருடைய தங்கையை, அதாவது என் நாத்தனாரை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்குப் புற்றுநோய் வந்து, மதுரையில் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான். ஆபரேஷன் செய்த இடத்தில் சேருகிற நீரை வெளியே எடுக்க ஒரு குழாய், இங்கிலீஷில் 'டிரெயின்' என்பார்கள்; அதன் நுனியில் ஒரு சின்ன பாட்டில். பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டேதான் அவள் நடக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கையைத் தூக்க முடியாது. தலைவழியாக நைட்டியை மாட்டப் போனால் வலியில் கத்திவிடுவாள். ஊருக்கே நைட்டி தைக்கிற வீட்டில், அவள் போட ஒரு நைட்டி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒன்று தைத்தேன். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறக்கும். தோளில் பிரஸ் பட்டன். பாட்டிலை வைத்துக்கொள்ள உள்ளே இடுப்புக்கு மேல் ஒரு பை. எடுத்த பக்கத்தில் பஞ்சு வைத்துக்கொள்ள இன்னொரு மெல்லிய பை. கஞ்சி போக இரண்டு தரம் அலசிய பருத்தித் துணி. அவள் அதைப் போட்டுக்கொண்டு மறுபடி மதுரைக்குக் காட்டப் போனபோது வார்டில் இருந்தவர்கள் சுற்றிக்கொண்டார்கள். கேரளத்துப் பெண்கள், ஆந்திராவில் சித்தூர்ப் பக்கத்துப் பெண்கள், நம் ஊர்ப் பெண்கள். எல்லாரும் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் போனில் பேசும்போது ஒருவர்கூட என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "அந்த நைட்டி… அது மாதிரி…" என்று இழுப்பார்கள். பக்கத்தில் மாமியார் இருப்பார், மகன் இருப்பான். இவர்களுக்கு வேண்டியது, தனியாக உட்கார்ந்து, தன் பாஷையில் படித்து, யாரிடமும் பேசாமல் வாங்குகிற ஒரு கடை என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் மூன்று மொழி.

கடை திறந்தது. ஆபீஸ்காரர் இங்கிலீஷில் எழுதி, ஒரு பொத்தானை அமுக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. படமெல்லாம் அழகாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். இந்த இடத்தில் என் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். மலையாளமும் தெலுங்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தமிழ் தெரியும். அதையாவது ஒரு தரம் முழுசாகப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து, புனலூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மலையாளம் கலந்த தமிழ். எடுத்த எடுப்பிலேயே கோபம்.

"நீங்க என்ன எழுதி வச்சிருக்கீங்கன்னு அறியுமா? 'ஓட' வைக்கிற பைன்னு எழுதியிருக்கு. மலையாளத்தில ஓடன்னா சாக்கடை. என் நெஞ்சில இருந்து வர்றது சாக்கடையா? ஆபரேஷன் பண்ணின பக்கத்தைப் 'பழுதான பக்கம்'னு எழுதியிருக்கு. நான் என்ன பழுதான மிஷினா?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அழுதுவிட்டார். போனை வைத்துவிட்டார்.

உடனே தமிழ்ப் பக்கத்தைத் திறந்து படித்தேன். 'வடிகால் பை', 'சேதமடைந்த பக்கம்' என்று அதிலும் இருந்தது. என் நாத்தனாரின் உடம்பைப் பற்றி, என் பெயரைப் போட்டு, நானே அப்படி ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உடம்பெல்லாம் கூசியது.

அன்றைக்கே பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். ஆபீஸ்காரரிடம் கடையை மூடுங்கள் என்றேன். "இதெல்லாம் சின்ன விஷயம் மேடம். எல்லாக் கடையிலயும் இப்படித்தான் இருக்கும். படத்தைப் பாத்துத்தான் வாங்குவாங்க, எழுத்தை எவன் படிக்கிறான்?" என்றார்.

"ஒருத்தங்க படிச்சிட்டாங்க. படிச்சுட்டு அழுதாங்க. மூடுங்க," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் மூடினார்.

மனுஷர்கள் எழுதித்தான் மறுபடி திறப்பது என்று முடிவு செய்தேன். முதலில் தமிழ். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டுக்குப் போய், ஒரு கோடு போட்ட நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் 'நெஞ்சு ஆபரேஷன்' என்று எழுதினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நெஞ்சுன்னா நெஞ்சுவலின்னு நினைப்பாக மதினி. மார்புன்னே எழுதுங்க. டாக்டர் எடுத்தது மார்பைத்தான?"

"உங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?"

"எழுதுங்க."

அவள் சொன்னது எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் தெருவில் எல்லாரிடமும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். கர்ப்பப்பை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்களாம். அன்று மத்தியானம் முழுக்க அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'குழாய் பாட்டில் வைக்கும் பை' என்றாள். 'ஆபரேஷன் செய்த பக்கம்' என்றாள். 'கையைத் தூக்காமலே போடலாம், யார் உதவியும் வேண்டாம்' என்பதைத் தனி வரியாக, முதல் வரியாக எழுதச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது வலி இல்லையாம். உடுப்பு மாற்றக்கூட இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டியிருந்ததுதானாம். இது எனக்கு அன்றுவரை தெரியாது. உடுப்பு மாற்றிவிட்டவளே நான்தான்.

மலையாளத்துக்கு, அந்தப் புனலூர் அம்மாவுக்கே போன் போட்டேன். திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன், கடையை மூடிவிட்டதைச் சொன்னேன். பிறகு, "நிசமாவா மூடினீங்க?" என்று கேட்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். நான் தமிழில் படிக்கப் படிக்க அவர் மலையாளத்தில் எழுதி அனுப்பினார். ஒரு சொல்லுக்கு இரண்டு தரம் போன் செய்து கேட்டுக்கொண்டார்.

தெலுங்குதான் இழுத்தடித்தது. ராஜபாளையத்தில் நான் நூலும் பட்டனும் வாங்குகிற கடையில் ஒரு அக்கா இருக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவரிடம் கேட்டதும், "எனக்குப் பேசத்தான் தெரியும், ஒரு எழுத்துத் தெரியாது. எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது," என்றார். எழுதத் தெரிந்த ஆளைத் தேடி ஒரு மாதம் அலைந்தேன். கிடைக்கவில்லை. கடைசியில், எழுத்து இல்லாவிட்டால் என்ன, பேசட்டுமே என்று தோன்றியது. படத்துக்குக் கீழே ஒரு பொத்தான் வைத்தால், அமுக்கிக் காதில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாமே.

அக்கா தயங்கினார். "ஆந்திராக்காரங்க நம்ம தெலுங்கைக் கேட்டா சிரிப்பாங்க தாயி."

நூல்கண்டை உருட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு அவரே, "சிரிச்சா சிரிக்கட்டும். புரிஞ்சாத்தான சிரிப்பாங்க," என்று சொல்லிவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். என் போனில் ஒரே மூச்சில் பேசிக் கொடுத்தார்.

அதை நாத்தனாருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டாள். "தமிழுக்கு நான் பேசுறேன்," என்றாள்.

அவள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "குரலை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க. நாளைக்கு நான் தெருவுல நடக்கணும்," என்றார். கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்தான். ஆனால் பயந்தார்.

அவள் அவரைப் பார்த்து, "நோவு வந்தது எனக்கு. நானே தெருவுல நடக்கேன். உங்களுக்கு என்ன?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் போனை வாயருகே வைத்து, "எனக்கு ஒரு மார்பை எடுத்தாச்சு. இந்த நைட்டியைப் போட்டுக்கிட்டுத்தான் நான் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனேன்…" என்று ஆரம்பித்தாள். நிறுத்தாமல் முடித்தாள்.

மாசி மாதம் கடை மறுபடி திறந்தது. தமிழிலும் மலையாளத்திலும் எழுத்து. தமிழிலும் தெலுங்கிலும் குரல். குரல் பொத்தானை வைத்துக் கொடுத்துவிட்டு ஆபீஸ்காரர், "நான் இதுவரைக்கும் இப்படி ஒரு கடை போட்டதில்ல மேடம்," என்றார். அந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் அந்தக் குரல் யார் யார் போனுக்கோ போய், எங்கள் மொத்த வியாபாரியின் போனுக்கும் போய்விட்டது. ஒரு நாள் காலையில் துணிக்கட்டுகளோடு வந்து இறங்கினார். கட்டுகளைக் கூடத்தில் வைத்தவர், போகாமல் நின்றார். ஐந்து பெண்களும் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, என்ன கூத்து இது? மார்புங்குதீக, எடுத்தாச்சுங்குதீக. அதையும் ஒரு பொம்பளக் குரல்ல. நம்ம ஊர்ப் பேரை வேற போட்டிருக்கீக. என்கிட்ட சரக்கு எடுக்குற பார்ட்டிக எல்லாம் கேட்டுச் சிரிக்கான்."

"நோவு வந்தவங்களுக்குத்தான் அண்ணாச்சி அது. சிரிக்கிறவங்களுக்கு இல்ல."

"ஸ்பெஷல் நைட்டின்னு போடு. தெரிஞ்சவ வாங்கிக்கிடுவா. அந்த வார்த்தையும் வேண்டாம், அந்தக் குரலும் வேண்டாம். எடுத்துரு. எடுக்கலன்னா இதுதான் உனக்கு நான் இறக்குற கடைசிக் கட்டு."

மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. என் வீட்டுக்காரர் மில்லுக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டியபடி உள்ளே நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷம். என்னை நம்பி ஐந்து பேர். அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். ஆனால் என் நாத்தனார் நிறுத்தாமல் பேசி முடித்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதை எப்படி எடுப்பது?

"அந்த வார்த்தையை எடுக்க மாட்டேன் அண்ணாச்சி," என்றேன். "குரலையும் எடுக்க மாட்டேன். நீங்க உங்க துணியை எடுத்துக்கிடுங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அப்படியே நின்றார். அப்போது எங்கள் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். அவர் இறக்கிய கட்டுகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் வண்டியில் வைத்தாள். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினாள். என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மூன்றாவதைத் தூக்கினார். கடைசிக் கட்டு ஏறியதும் வியாபாரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சினிமாவாக இருந்தால் அடுத்த நாளே ஆர்டர் குவிந்திருக்கும். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மூன்று மாதம் முழி பிதுங்கிவிட்டது. இரண்டு பெண்கள் வேறு வீட்டுக்குத் தைக்கப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அடுப்பு எரிய வேண்டுமே. உறவுக்காரர்களில் சிலர், "உனக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்று கேட்டார்கள். வீம்புதான் என்றேன். எங்கள் சர்ச்சில் ஒரு பெண்மணி, இதையெல்லாம் வெளியே பேசலாமா என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவரிடமும் பேசத்தான் வேண்டும் என்றேன்.

ஆர்டர் ஒன்று ஒன்றாக வந்தது. கொல்லத்திலிருந்து, தேனியிலிருந்து, திருநெல்வேலியிலிருந்து. சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினார். எனக்கு ஒன்றும் புரியாமல் நூல்கடை அக்காவிடம் போனைக் கொடுத்தேன். அக்கா பேசிவிட்டு, "நான் சொன்னேன்ல, சிரிக்கிறா," என்றார். "சிரிச்சுட்டு ரெண்டு கேக்குறா." புனலூர் அம்மா அவரே இரண்டு வாங்கினார், ஒன்று அவருக்கு, இன்னொன்று கூட வேலை பார்ப்பவருக்கு. இப்போது நான்கு மெஷின் அந்த நைட்டிக்கே ஓடுகிறது. வியாபாரி இன்றைக்கும் எங்கள் தெருவழியாகத்தான் போகிறார். என் வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும்.

ஆனால் நான் எழுத வந்தது அவரைப் பற்றி இல்லை. போன ஆனியில் வந்த ஒரு போனைப் பற்றி.

பேசியது ஒரு பெண். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றார். அளவு சொன்னார், நிறம் சொன்னார். முகவரி சொல்லும் முன்னால் தயங்கி, "அந்தக் குரல்ல பேசுறவுக எங்க தெருக்காரவுக மாதிரி இருக்கு. அவுகதானா?" என்று கேட்டார்.

நான் அதைச் சொல்லக் கூடாது. "கேட்டுட்டுச் சொல்றேம்மா," என்று வைத்துவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டேன். உன் குரலை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது, என்ன சொல்லட்டும் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "நான்தான்னு சொல்லுங்க. அவுக யாருன்னு அவுகளுக்கு இஷ்டம் இருந்தாச் சொல்லட்டும்."

நான் திரும்பக் கூப்பிட்டு அதைச் சொன்னதும், அந்தப் பெண் தான் யாரென்று சொன்னார். நாத்தனார் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தினமும் காலையில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று பால் வாங்குகிறவர்கள். இவள் கர்ப்பப்பை என்று சொல்லி மறைத்தாள். அவர், கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொல்லி மறைத்திருக்கிறார். மூன்று வீடு தள்ளி இரண்டு பேரும் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

"தபால்ல போடாதீக மதினி, நானே கொண்டு போறேன்," என்றாள் நாத்தனார். நானும் பஸ் ஏறிப் போனேன். அவர் கதவைத் திறந்து, இவளைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார். இவள் பார்சலை என் கையில் கொடுத்துவிட்டு, "கை எம்புட்டுத் தூக்க வருது?" என்று கேட்டாள். அவர் தோள்வரைகூடத் தூக்க முடியாமல் காட்டினார். "தினம் இப்படிச் செய்ங்க," என்று இவள் சுவரோரம் போய் நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏறினாள். பக்கத்தில் அவரும் நின்று விரலை வைத்தார். "அம்புட்டுத்தான் வருது," என்றார். "நாளைக்கு இன்னும் ஒரு விரக்கடை வரும்," என்றாள் இவள். நான் வாசல் நடையில் பார்சலோடு நின்றேன். அவர்கள் என்னை மறந்தே போனார்கள்.

இன்றைக்கும் யாராவது வந்து, இதையெல்லாம் வெளியே சொல்லலாமா, கொஞ்சம் மறைத்துச் சொல்லக்கூடாதா என்று என்னிடம் கேட்கிறார்கள். யாருக்காக மறைக்கச் சொல்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.